வைதேகியின் அருவி

ஊரின் பெயரைச் சர்க்கார் மாற்றினால் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். சினிமா மாற்றினால் டிக்கெட் வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம். கோயமுத்தூருக்கு மேற்கே, நரசீபுரத்துக்கு அப்பால் மலைக்குள் இருக்கும் ஓர் அருவிக்கு நேர்ந்தது இதுதான். அதன் பழைய பெயர் தொள்ளாயிர மூர்த்தி கண்டி. 1984-இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்துக்காக அங்கே காட்சிகள் எடுத்தார்கள். படம் ஓடியது, அருவி வைதேகி அருவி ஆகிவிட்டது.

நான் போனதும் புதுப் பெயரைக் கேட்டுத்தான். யானைகள் நடமாடும் காடு. காட்டிலாகாவின் அனுமதியில்லாமல் போவதற்கில்லை. வழி காட்ட வந்த பெரியவர் தோட்டங்கள் முடிந்ததுமே பேச்சை நிறுத்திவிட்டார். பாதையில் கிடந்த யானை லத்தியைக் கால் விரலால் அழுத்திப் பார்த்து, “நேத்துப் போட்டதுங்க. வெரசா நடங்க” என்றார். அப்புறம் மூங்கில் உரசும் ஓசையெல்லாம் எனக்கு யானையாகவே கேட்டது. பாறை பாறையாகத் தாவி ஓடையைக் கடந்து மூச்சு வாங்குகையில், முதலில் குளிர்ந்த காற்று வந்தது, பிறகு இரைச்சல், கடைசியில்தான் அருவி. குற்றாலத்தின் கம்பீரம் இல்லை. குற்றாலத்தின் எண்ணெய் வாசனையும் இல்லை!

“தொள்ளாயிரம் மூர்த்தி என்று யார் எண்ணினார்கள்?” என்று கேட்டேன்.

“எங்கய்யன் சொன்னாருங்க, நான் சொல்றேன். மக வயித்துப் பேரங்கிட்டச் சொன்னா, ‘அதெங்க இருக்குது அப்புச்சி’ங்கிறான். வைதேகின்னாத்தான் அவனுக்குத் தெரியுதுங்க.”

அவர் குரலில் கோபமில்லை. எனக்குத்தான் இருந்தது. வைதேகி என்றால் சீதை அல்லவா? இன்னும் ஐம்பது வருஷத்தில், வனவாசத்தில் பிராட்டி நீராடிய இடம் இதுவே என்று ஸ்தல புராணம் கிளம்பிவிடும். விஜயகாந்தையும் ரேவதியையும் யாருக்கும் நினைவிருக்காது.

ஆனால் இந்த மலைத் தண்ணீர் போய்ச் சேரும் நொய்யலின் பழைய பெயரும் வேறுதான்: காஞ்சி நதி. காவிரியில் கலக்கும் இடத்து ஊரின் பெயர் ஆற்றுக்கும் வந்தது என்பார்கள். அதற்காக எந்தக் குடியானவரும் வழக்காடவில்லை. திருப்பூர்ச் சாயத்தால் தண்ணீர் கெட்டபோதுதான் கோர்ட்டுக்குப் போனார்கள்; 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

பெரியவர் குனிந்து இரு கையாலும் அள்ளிக் குடித்தார். நானும் குடித்தேன், பல் கூசியது.

“பொழுது சாயறதுக்குள்ள எறங்கோணுமுங்க” என்றார். “தண்ணிக்கு அதுக வந்துரும்.”