விட்டு விட்டு நிற்கிற வண்டி

ஒரேயடியாகப் படுத்துவிட்ட வண்டியைச் சரிபண்ணுவது சுலபம். விட்டு விட்டு நிற்கிற வண்டிதான் மெக்கானிக் உயிரை எடுக்கும். பட்டறையில் நல்ல பிள்ளையாக ஓடும், ரோட்டுக்குப் போனால் கோளாறைக் காட்டும். அப்படி ஒரு வண்டியில்தான் நான் தொழில் கற்றுக்கொண்டேன்.

1986. பண்ருட்டியில் ஒரு பாயின் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையில் கையாளாக இருந்தேன். வயசு 19. நான் எந்தத் தெரு என்று பாய் ஒருநாளும் கேட்டதில்லை. பக்கத்துக் கிராமத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடம் பழைய அம்பாசிடர் மார்க் டூ இருந்தது, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். போய்க்கொண்டிருக்கும்போதே குலுங்கி நிற்கும். அஞ்சு நிமிஷம் கழித்துச் செல்ஃப் அடித்தால் ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும். பாய்க்கு முட்டிவலி. சைக்கிளில் என்னை அனுப்பினார்.

மூணு தடவை போனேன். முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்டைத் தேய்த்து, 15 தவ் இடைவெளி வைத்து, கண்டென்சரையும் மாற்றினேன். சூடேறினால் மட்டும் மக்கர் பண்ணுகிற கண்டென்சர் உண்டு. அடுத்த தடவை காயில். அதுவும் சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் சாதிதான். (சாதி என்ற சொல் எங்கெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கிறது பாருங்கள்.) மூணாவது தடவை ரோட்டார், மூடி, பிளக் ஒயர். ஷெட்டில் எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடியது. மறுநாள் ரோட்டில் நின்றது.

"ரோட்டுல ஓட்டிப் பாக்கணுங்க ஐயா" என்றேன்.

"டிரைவர் ஓட்டுவான். நீ என்னாத்துக்குடா உள்ள?"

நான் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியும். முதல் நாளே கேட்டுவிட்டார். அவரே ஒரு வழியும் சொன்னார்: கார் முன்னால் போகட்டும், நீ சைக்கிளில் பின்னால் வா.

சிரிக்காதீர்கள், நடந்தது. டெஸ்ட் லாம்பை இடுப்பில் செருகிக்கொண்டு அம்பாசிடருக்குப் பின்னால் மிதித்தேன். ரெண்டு மைல் போய் நிற்கும். நான் மூச்சு வாங்கப் போய்ச் சேருவதற்குள் கிளம்பிவிடும். எனக்கு வேண்டியது நின்ற அந்த ஒரு நிமிஷம். காயிலிலிருந்து வருகிற நடு ஒயரைப் பிடுங்கி, எஞ்சின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் அடித்தால், பொறி நீலமாகத் தெறிக்கிறதா என்று தெரிந்துவிடும். தெறித்தால் பெட்ரோல் பக்கம் போகணும், இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே போகணும். மூணு நாள் மிதித்தும் அந்த நிமிஷம் என் கைக்கு வரவில்லை.

நாலாம் நாள் டிரைவர் அண்ணன் ஊரைத் தாண்டி வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். அவரும் ஊர்த்தெரு ஆள்தான். "ஏறு தம்பி. யாராச்சும் வந்தா குனிஞ்சுக்க" என்றார். முன் சீட்டில் உட்கார்ந்தேன். முதுகை முழுசாகச் சாய்க்கத் தோன்றவில்லை.

பத்தே நிமிஷம். ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதித்துச் சீராகப் போகும்போது வெட்டுகிறது. முழுக்க மிதித்தால் நன்றாக ஓடுகிறது. பெட்ரோல் பத்தவில்லை என்றால் முழுக்க மிதிக்கும்போதுதானே திணறணும்? இது தலைகீழ்.

பாதி மிதியில் எஞ்சினின் உறிஞ்சல் ஒரு சின்னக் குழாய் வழியாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற தட்டை இழுக்கும். பொறி கொஞ்சம் முந்தி விழும். வாக்குவம் அட்வான்ஸ் என்போம். ஷெட்டில் ஐடிலிங்கில் அந்தத் தட்டு அசையவே அசையாது. வண்டியை ஓரங்கட்டி, பாயிண்ட் மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி வைத்துச் சாவி போட்டோம். டிஸ்ட்ரிபியூட்டர் டெர்மினலுக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லாம்பைப் பிடித்தேன். எரியவில்லை, எரியவும் கூடாது. குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினேன். தட்டு நகர்ந்தது. லாம்ப் எரிந்தது.

உள்ளே பாயிண்டுக்குப் போகிற விரல்நீள ஒயர்தான். மேலுறை புதுசு போல இருந்தது. உரித்தால் செம்புக் கம்பி நூல்நூலாக அறுந்து சும்மா தொட்டுக்கொண்டிருந்தது. தட்டு இழுத்தால் விலகும், விட்டால் சேரும். சில நேரம் சேராமலே நின்றுவிடும். வேறு ஒயரைக் கொஞ்சம் தொங்கலாக விட்டு மாட்டினேன். வண்டி கடலூர் வரைக்கும் போய்த் திரும்பியது.

யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். கூலியைத் திண்ணை ஓரத்தில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். முன் சீட்டைக் கழற்றிக் கழுவிக் காயப்போடச் சொன்னாராம், டிரைவர் அண்ணன் பிற்பாடு சொன்னார். "நனைஞ்சா நாறுமேடா" என்று பாய் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் உத்தரபாராவில் நின்றுபோனது. இப்போது விழுப்புரத்தில் என் பட்டறைக்குப் பழைய வண்டியை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் வருகிறார்கள். போன வருஷம் படித்த மனிதர் ஒருவர் வந்தார், அதே மாதிரி விட்டு விட்டு நிற்கிற வண்டியோடு. சார் என்று கூப்பிட்டார். சாவியைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோளாறு வரட்டும் என்று பேசிக்கொண்டே ஓட்டினேன்.

"சொந்த ஊர் எது சார்?"

சொன்னேன்.

"அங்க எந்தப் பக்கம்?"

"காலனிங்க."

"ஓ" என்றார். அப்புறம் அந்த சார் வரவில்லை. திண்டிவனம் வரைக்கும் போய்த் திரும்பினோம். வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. இன்னொரு நாள் கொண்டுவாங்க என்று சாவியைக் கொடுத்தேன்.