தேய்மானக் கணக்கு

2023 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை காலை எவர்ட்டனிடம் 14 புள்ளிகள் இருந்தன. 12 ஆட்டங்களில் 14 புள்ளி, பட்டியலில் 14ஆவது இடம். பெருமைப்பட ஒன்றுமில்லை, பயப்படவும் பெரிதாக ஒன்றுமில்லை. மாலைக்குள் அந்த 14, 4 ஆகிவிட்டது. இடையில் எந்த ஆட்டமும் நடக்கவில்லை. மூன்று பேர் கொண்ட ஆணையம் ஒன்று தீர்ப்பெழுதி 10 புள்ளிகளைக் கழித்தது. கிளப் நேராக 19ஆவது இடத்தில் போய் விழுந்தது. பிரீமியர் லீக் வரலாற்றில் அதற்கு முன் யாருக்கும் அவ்வளவு புள்ளிகள் பறிபோனதில்லை.

அம்மாவிடம் சொன்னேன். வார இறுதி இரவுகளில் நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து முனகுவதைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவர்.

"பத்து மார்க்கைப் பிடுங்கிட்டாங்களா? அந்தப் பசங்க என்னடா தப்பு பண்ணாங்க?"

"பசங்க ஒண்ணும் பண்ணலம்மா. கணக்குலதான் பிரச்சனை."

"கணக்குல தப்புன்னா கணக்குப்பிள்ளையத்தானே பிடிக்கணும்?"

அந்த சீசன் முழுக்க ஆங்கிலப் பத்திரிகைகளில் எத்தனையோ அலசல்கள் படித்தேன். அம்மாவின் இந்தக் கேள்விக்கு அவற்றில் பதில் இருந்ததாக நினைவில்லை.

எவர்ட்டனை ஏன் பிடித்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒழுங்கான பதில் கிடையாது. பொறியியல் கல்லூரி விடுதியில் பாதிப் பேர் மான்செஸ்டர் யுனைடெட், மீதிப் பேர் செல்சி, ஆர்சனல், லிவர்பூல். டிம் காஹில் தலையால் கோல் அடித்துவிட்டு ஓடிப்போய் மூலைக்கொடியைக் குத்துச்சண்டை மாதிரி குத்துவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. 2009 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் லூயி சஹா 25 விநாடியில் கோல் அடித்தபோது விடுதி டிவி அறையில் கத்தியது நான் மட்டும்தான். பிறகு செல்சி இரண்டு அடித்து ஜெயித்தது. அதன் பின் இறுதி ஆட்டம் எதையும் நாங்கள் பார்க்கவில்லை. 1987க்குப் பிறகு லீக் பட்டம் இல்லை, 1995க்குப் பிறகு கோப்பை எதுவும் இல்லை. ஆனால் 1954 முதல் ஒரு வருடம்கூட முதல் டிவிஷனை விட்டு இறங்கியதில்லை. எவர்ட்டன்காரனுக்கு மிஞ்சியிருக்கும் சொத்து அதுதான்.

அந்தச் சொத்துக்குத்தான் ஆபத்து வந்தது.

அப்போதைய விதி இதுதான். ஒரு கிளப் மூன்று வருடங்களில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டப்பட அனுமதி இருந்தது. எவர்ட்டனின் நஷ்டம் 12.45 கோடி என்று ஆணையம் சொன்னது. 1.95 கோடி அதிகம். வரம்பை மீறியதை கிளப்பே ஒப்புக்கொண்டிருந்தது. ஃபர்ஹாத் மொஷிரி 2016இல் வந்ததிலிருந்து ஆட்டக்காரர்களுக்குப் பணத்தை வாரி இறைத்தார்கள். ஆறேழு மேனேஜர்கள் வந்தார்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி ஆட்களைக் கேட்டார்கள். எங்கள் துறையில் ஐந்து ஆர்க்கிடெக்ட்டுகள் மாறி மாறி எழுதிய கோட்பேஸைப் பார்த்தவர்களுக்கு அந்த அணி எப்படி இருந்திருக்கும் என்று புரியும். தண்டனை கிடைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. எனக்கு உறுத்தியது அந்தக் கணக்குக்கு உள்ளே இருக்கும் ஒரு சங்கதி.

ஓர் ஆட்டக்காரரை 5 கோடி பவுண்டுக்கு வாங்கி ஐந்து வருட ஒப்பந்தம் போட்டால், புத்தகத்தில் வருடத்துக்கு ஒரு கோடிதான் செலவு. லேத் மிஷினுக்குத் தேய்மானம் எழுதுவது போல. மூன்று வருடம் கழித்து அவருடைய புத்தக மதிப்பு 2 கோடி. அன்றைக்கு அவரை 4.5 கோடிக்கு விற்றால் 2.5 கோடி லாபம், அதுவும் அந்த வருடமே முழுதாக ஏறிவிடும். செலவைப் பரப்பலாம், வரவை உடனே எழுதலாம். இதுவரை சரி. சின்ன வயதிலேயே அகாடமியில் சேர்ந்து அங்கேயே வளர்ந்த பையன் என்றால்? அவனை யாரும் விலைக்கு வாங்கவில்லை. புத்தக மதிப்பு பூஜ்யம். அவனை விற்றால் வருவதெல்லாம் லாபம். ஆக, கணக்கில் இடிக்கும்போது ஒரு கிளப்புக்கு மிக எளிதான வழி, தான் பெற்று வளர்த்த பிள்ளையை விற்பது. லிவர்பூலிலேயே பிறந்து எவர்ட்டனிலேயே வளர்ந்த ஆண்டனி கார்டன் 2023 ஜனவரியில் நியூகாசிலுக்குப் போனது 4 கோடிக்கு மேல். மைதானத்தில் அது இழப்பு. புத்தகத்தில் அந்த வருடத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று.

தீர்ப்பு வந்து ஒன்பது நாளில் மான்செஸ்டர் யுனைடெட் குடிசன் பார்க்குக்கு வந்தது. ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் பிங்க் நிற அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். லீக்கின் சின்னம், கீழே 'ஊழல்' என்ற ஆங்கிலச் சொல். 1892இல் கட்டிய மைதானம், மூலையில் ஒரு தேவாலயம், சில பகுதிகளில் அப்போதும் மர இருக்கைகள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மூன்றாவது நிமிடத்தில் கர்னாச்சோ அந்தரத்தில் தலைகீழாகப் புரண்டு ஒரு கோல் அடித்தார். அந்த சீசனின் மிக அழகான கோல் என்று உலகமே சொன்னது. எங்கள் கோபத்துக்குக் கிடைத்த பதில் அது. 0-3.

பிறகு டிசம்பர் வந்தது. ஷான் டைச் பேச்சிலும் ஆட்டத்திலும் அலங்காரம் இல்லாத மனிதர். பந்தை முன்னால் தள்ளு, கார்னர் வாங்கு, தலையால் முட்டு, திரும்ப வந்து தடு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், நியூகாசில், செல்சி, பர்ன்லி என்று நான்கு வெற்றிகள் வரிசையாக. நான்கிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. 4 புள்ளி 16 ஆனது.

அதில் செல்சி ஆட்டம், இங்கே ஞாயிறு இரவு ஏழரை மணிக்கு. 1-0 என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கூடுதல் நேரத்தில் லூயிஸ் டாபின் என்ற அகாடமிப் பையன் இரண்டாவது கோலை அடித்தான். எவர்ட்டனுக்காக அவனுடைய முதல் கோல். என்ன செய்வதென்றே தெரியாத ஒரு முகத்தோடு கூட்டத்தை நோக்கி ஓடினான். "யாருடா இது, இவ்ளோ சின்னப் பையனா இருக்கான்?" என்றார் அம்மா. "நம்ம வீட்டுப் பையன்மா" என்றேன்.

டிசம்பர் 16க்குப் பிறகு ஏப்ரல் 6 வரை லீக்கில் ஒரு வெற்றி கிடையாது. 13 ஆட்டங்கள். இதை விரித்து எழுத ஒன்றுமில்லை. போர்ன்மத்தில் கூடுதல் நேரத்தில் ஷேமஸ் கோல்மேன் தன் கோலுக்குள்ளேயே பந்தை அடித்துத் தோற்றது மட்டும் வலித்தது. 2009இல் 60 ஆயிரம் பவுண்டுக்கு வாங்கப்பட்டவர். அந்த விலையையே பாட்டாக்கி ரசிகர்கள் இன்றும் பாடுகிறார்கள். ஒரு மனிதனின் விலையை அன்பாகப் பாட முடியும் என்பது அவர் விஷயத்தில்தான். அந்த நான்கு மாதங்களில் எங்களுடைய ஒரே வெற்றி ஆட்டமே இல்லாத ஒரு திங்கட்கிழமை வந்தது. பிப்ரவரி 26, மேல்முறையீட்டில் தண்டனை 10இலிருந்து 6 ஆனது. உட்கார்ந்த இடத்தில் 21 புள்ளி 25 ஆனது, 17ஆவது இடம் 15ஆவது ஆனது. ஏப்ரல் 8இல், அடுத்த கணக்காண்டுக்கான மீறலுக்கு மறுபடி 2 புள்ளி போனது. பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் அன்றைய தேதியையும் பார்க்க வேண்டியிருந்தது.

இதே மாதங்களில் அலுவலகத்தில் எனக்கு ஒரு எக்ஸெல் ஷீட் வந்தது. டீமில் ஒவ்வொருவருக்கும் என்ன சம்பளம், கிளையன்ட்டிடம் அவருக்கு என்ன பில்லிங், மிச்சம் எவ்வளவு. மேலே இருந்த பெயர்களெல்லாம் கேம்பஸில் எடுத்து நாங்களே பழக்கிய பிள்ளைகள். சம்பளம் குறைவு, பில்லிங் முழுசு. ஒரு பெரிய அக்கவுன்ட்டில் மார்ஜின் இடித்தது, அங்கே மாற்ற ஆள் கேட்டார்கள். நான்கு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்ற தம்பி ஒருவனைத்தான் எடுத்தார்கள். போகும் அன்று காபி மிஷின் பக்கத்தில் கேட்டான்: "அண்ணா, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லப்பா. நல்லா பண்றதாலதான் கேட்டாங்க."

உண்மையைத்தான் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்தால் அது ஆறுதலாகப் போய்ச் சேர்ந்த மாதிரி தெரியவில்லை.

ஏப்ரல் 15 செல்சியில் 0-6. கோல் பாமர் ஒருவரே நான்கு அடித்தார். மான்செஸ்டர் சிட்டி சிறுவயதிலிருந்து வளர்த்து, முந்தைய செப்டம்பரில் ஏறத்தாழ 4 கோடிக்கு விற்ற பையன். சிட்டியின் புத்தகத்தில் தேய்மானம் எதுவும் கழிக்காத முழு லாபம். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, நான்காவது கோலைப் பார்த்தபோது, விற்றவர்கள் இப்போது என்ன நினைப்பார்கள் என்றுதான் யோசித்தேன்.

அடுத்த பன்னிரண்டு நாட்களை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். 21ஆம் தேதி ஃபாரஸ்ட் 2-0. 24ஆம் தேதி குடிசனில் லிவர்பூல். இங்கே வியாழன் அதிகாலை பன்னிரண்டரை. லிவர்பூல் பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது, கிளாப்பின் கடைசி சீசன் வேறு. 27ஆவது நிமிடம், பெனால்டி பகுதிக்குள் ஒரே தள்ளுமுள்ளு, பந்து ஜாரட் பிராந்த்வெய்ட்டின் காலில் பட்டு அலிசனைத் தாண்டி நசுங்கிக்கொண்டு உள்ளே போனது. கார்லைலிலிருந்து 2020இல் சின்னத் தொகைக்கு வந்த 21 வயது டிஃபெண்டர். இரண்டாம் பாதியில் கார்னரிலிருந்து கால்வர்ட்-லூயினின் தலை. 2010க்குப் பிறகு குடிசனில் லிவர்பூலை முதல்முறையாக ஜெயித்தோம். அம்மா எழுந்து வந்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். 27ஆம் தேதி பிரென்ட்ஃபோர்டை 1-0 ஜெயித்ததும் கீழிறக்கம் இல்லை என்பது உறுதியாகிவிட்டது. கடைசியில் 40 புள்ளி, 15ஆவது இடம். கால்களால் சம்பாதித்தது 48.

சீசன் அங்கே முடியவில்லை. எவர்ட்டனின் கணக்காண்டு ஜூன் 30இல் முடிகிறது. அதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு அறிவிப்புகள் வந்தன. ஆஸ்டன் வில்லாவின் அகாடமிப் பையன் இல்லாவிட்டாலும் அவர்களிடம் பதின்வயதில் சேர்ந்த டிம் இரோக்புனாம் எவர்ட்டனுக்கு, ஏறத்தாழ 90 லட்சம் பவுண்டு. டாபின் வில்லாவுக்கு, ஏறத்தாழ ஒரு கோடி. வரும் பையனின் விலையை ஒப்பந்த வருடங்களுக்குப் பரப்பி எழுதலாம். போகும் பையனின் விலை ஜூன் 30க்குள் முழு லாபம். இரண்டு கிளப்புகளுக்குமே கணக்கு நெருக்கடி இருந்தது, இரண்டு பக்கமும் வசதி.

இரோக்புனாம் நல்ல ஆட்டக்காரர், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "செல்சி மேட்ச்ல அடிச்சானே, அந்தப் பையனா?" என்றார். ஆறு மாதம் கழித்தும் முகம் நினைவிருந்தது.

"அவனுக்குச் சம்மதமா?"

"கையெழுத்துப் போட்டிருக்கான்மா."

"அதையா கேட்டேன்?"

வில்லா அவனை ஆகஸ்ட்டிலேயே இரண்டாம் டிவிஷனில் இருந்த வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியனுக்கு லோனில் அனுப்பியது. அந்த சீசனில் எவர்ட்டன் ஸ்கோரைப் பார்த்த பிறகு, இரண்டு பக்கம் தள்ளிப்போய் அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.