பஸ் நின்ற பிறகு

லாரி ஓட்டிய காலத்தில் வண்டியை ஓரம்கட்டினால் வேலை முடிந்தது. கீழே இறங்கி டீ குடிக்கப் போகலாம். பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வந்த பிறகு அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. வண்டி ஓடுகிற நேரத்தில் எனக்குப் பெரிய கவலை கிடையாது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பூட்டியிருக்கிறது, ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி போட்டிருக்கிறது, உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஆபத்து குறைவு. பிரேக் பிடித்து, கதவு திறந்து, ஒரு யூகேஜி பையன் கடைசிப் படியிலிருந்து மண்ணில் குதிக்கிறானே, அப்போதுதான் ஸ்டியரிங்கில் கை வியர்க்கும்.

டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் முன் கண்ணாடி வழியே ஊரே தெரியும். ஆனால் பம்பரை ஒட்டி நிற்கிற மூன்றடிக் குழந்தை தெரியாது. நாலைந்து எட்டு தள்ளிப் போனால்தான் உச்சந்தலையாவது கண்ணில் படும். இறங்கியவன் நேரே வீட்டைப் பார்த்து நடந்தால் பிரச்சினை இல்லை. தண்ணீர் பாட்டில் மூடி உருளும், டிராயிங் பேப்பர் பறக்கும், அதை எடுக்கச் சரியாக அந்த இடத்தில்தான் குனிவான். பின்பக்கத்து ஆபத்து வேறு மாதிரி. பின்சக்கரத்துக்கு அப்பாலும் பஸ் நீண்டிருக்கிறது. ஓரத்திலிருந்து வலது பக்கம் ஒடித்துக் கிளப்பினால் அந்த நீளம் முழுவதும் இடது பக்கமாக வீசும். இறங்கி நின்று நண்பனுக்கு டாட்டா காட்டுகிற பிள்ளை அங்கேதான் நின்றுகொண்டிருக்கும்.

அதனால் எங்கள் வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கா முதலில் இறங்குவார், கடைசியில் ஏறுவார். இறங்கிய பிள்ளைகள் சுவர் ஓரம் போய்ச் சேர்ந்த பிறகு தகட்டில் இரண்டு தட்டு. அந்தத் தட்டு கேட்காமல் கியர் விழாது. நம் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. பஸ் நின்றால் வலது பக்கம் இடம் இல்லை என்று இடது பக்கச் சந்தில் புகுந்து போகிற பைக் ஓட்டிகள். படியிலிருந்து கால் வைக்கிற இடமே அவர்களுக்கு ரோடு. ஆகவே சந்து விடாமல் மண்ணோடு ஒட்டி நிறுத்துவேன். இடப்பக்கக் கண்ணாடியை ஒரு முறை பார்த்த பிறகுதான் கதவு திறக்கச் சொல்வேன்.

மே மாதக் கடைசியில், பள்ளி திறப்பதற்கு முன், மாவட்டத்து மஞ்சள் பஸ்களையெல்லாம் மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பார்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்காரர்கள், போலீஸ், கல்வித் துறையினர் எல்லோரும் வருவார்கள். அவசர வழிக் கதவு திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, கேமரா ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். தளத்துப் பலகையைக் காலால் மிதித்தும் பார்ப்பார்கள். அதற்கொரு காரணம் உண்டு. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் முடிச்சூரில், ஓடுகிற பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழ்நாட்டில் சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்தான். அதன் பிறகு முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் சென்சாரும் கட்டாயமாயின. கேமரா நல்லதுதான். ஆனால் மழைநாளில் சேறு அடித்த கேமராவில் குழந்தையும் ஒன்றுதான், குட்டிச்சுவரும் ஒன்றுதான். ரிவர்ஸ் எடுக்கும்போது ஆயாக்கா பின்னால் நின்றே ஆகவேண்டும்.

மைதானத்தில் வண்டியைச் சோதிக்கலாம், என் கண்பார்வையைச் சோதிக்கலாம். பிள்ளைகளைச் சோதிக்க முடியாது. அவர்களுக்கான பாடம் ஜூன் மாதத்தில் வண்டிக்குள்தான் நடக்கும்.

புதிதாக வருகிற டிரைவர்கள் பெருமையாகச் சொல்வார்கள்: "என்ற வண்டியில ஒரு சத்தம் கேக்காதுங்கண்ணா." எனக்கு அப்படிப்பட்ட வண்டி வேண்டாம். ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியாதவனுக்குப் பின்னால் நடப்பதைச் சொல்வது காதுதான். குழம்பு கொதிக்கிற சத்தத்தை வைத்தே தீயைக் குறைக்கிற மாதிரி, பேச்சும் சிரிப்பும் ஒரே அளவில் ஓடிக்கொண்டிருந்தால் எல்லோரும் சீட்டில் இருக்கிறார்கள் என்று பொருள். பின்னால் திடீரென்று ஓய்ந்தால் நாலைந்து தலை ஒரே இடத்தில் கூடிவிட்டது. யாரோ வீட்டுக்குத் தெரியாமல் போன் கொண்டுவந்திருப்பான், அல்லது ஒருவனைச் சுற்றி நின்று அழவைத்துக்கொண்டிருப்பார்கள். அழுகிற பிள்ளை பஸ்ஸில் சத்தம் போட்டு அழாது. அதனால் அந்த ஓய்வைத்தான் நான் முதலில் கவனிப்பேன்.

இன்னொரு சத்தம், பை ஜிப் இழுக்கிற சத்தம். ஸ்டாப் கண்ணில் படும்முன்னே பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே வந்தால் போதும். நிற்கிற பிள்ளைக்குப் பிடிக்க எதுவும் இருக்காது, முதுகில் கனமான பை வேறு. எங்கள் வண்டியில் வழக்கம் இதுதான்: சக்கரம் நிற்க வேண்டும், ஆயாக்கா பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அப்புறம்தான் எழுந்திரிப்பது. கேட்காமல் எழுந்தால் கத்த மாட்டேன். கத்த வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும், அதுதான் பெரிய ஆபத்து. வண்டியை ஓரம்கட்டி, இஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, "எல்லாரும் உக்காந்தாத்தான் வண்டி நகருங்க சாமி" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். டியூஷனுக்கு நேரமாகிறது என்று மற்ற பிள்ளைகளே எழுந்தவனை இழுத்து உட்காரவைத்துவிடும்.

சீட்டை வயசுப்படி மட்டும் போடக்கூடாது, இறங்குகிற ஸ்டாப்பையும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. முதலில் இறங்குகிறவர்கள் முன்னால், கடைசியில் இறங்குகிறவர்கள் பின்னால். அப்போதுதான் நடைவழியில் ஒருவரையொருவர் தாண்டுகிற வேலை இருக்காது. படிக்கட்டுக்கு எதிரே இருக்கிற சீட்டில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைக்கவே கூடாது. பிரேக் பிடித்தால் தாங்க முன்னால் இன்னொரு சீட் கிடையாது. கடைசி சீட்டும் அவர்களுக்கு ஆகாது. பின்சக்கரத்துக்கு அப்பால் இருப்பதால் வேகத்தடையில் அதுதான் தூக்கிப்போடும். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் அந்த சீட்டுக்குச் சண்டை போடுவதே அந்தத் தூக்கலுக்காகத்தான்! சில பள்ளிகளில் பெரிய பையனுக்கு லீடர் பேட்ஜ் குத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. நான் பார்த்தவரை அவன் அடுத்த வாரமே சின்னதுகளை மிரட்ட ஆரம்பித்துவிடுகிறான். (வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு ஜன்னலோரம், கையில் ஒரு எலுமிச்சம்பழம். இதற்கு விதி எதுவும் தேவையில்லை.)

பிள்ளைகளைப் பழக்கிவிடலாம், பெரியவர்கள்தான் கஷ்டம். எங்கள் ரூட் திருப்பூரைச் சுற்றி. அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனியில். மாலையில் கூப்பிட வருவது பாட்டிகள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, பஸ்ஸைப் பார்த்ததும், "வா கண்ணு" என்று கையை நீட்டுவார்கள். அந்தக் குரல் கேட்டால் பிள்ளைக்கு ரோடும் தெரியாது, லாரியும் தெரியாது. இறங்கின வேகத்தில் பஸ்ஸுக்கு முன்னால் சுற்றி ஓடும். நம் ரோட்டில் பள்ளி பஸ் நிற்கிறதே என்று எந்த வண்டியும் நிற்பதில்லை. ஓவர்டேக் பண்ணத்தான் பார்க்கும்.

"ஆத்தா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க. கூப்புடாதீங்க. கையில புடிச்சுக் குடுக்கறமுங்க."

"புள்ளையப் பாத்ததும் வாய் சும்மா இருக்குமா தம்பி?"

அதற்கு நான் என்ன சொல்ல! தினமும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பழக்கமான முகம் ஸ்டாப்பில் இல்லையென்றால் பிள்ளையை இறக்குவதில்லை. கடைசி ஸ்டாப் வரை கூட்டிப்போய்த் திரும்பி வருவோம். எண்ணிக்கையையும் நான் நம்புவதில்லை. ஒருத்தன் லீவு, ஒருத்தன் அத்தை வீட்டுக்குப் போகிறான் என்றால் எண்ணிக்கை சரியாக வந்துவிடும், பிள்ளை மாறியிருக்கும். பெயர்தான் கணக்கு. டிரிப் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்து, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுப்பேன். தூங்கிப்போன எல்கேஜி குழந்தை பைகளுக்கு நடுவே பையாகத்தான் கிடக்கும். பூட்டின பஸ் ஏப்ரல் வெயிலில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் ஆயாக்காவுக்குப் பிள்ளைகளின் முகமும் வீடும் பாட்டியும் மனப்பாடமானால்தான் நடக்கும். ஆனால் ஆயாக்காக்களுக்குக் கொடுக்கிற சம்பளத்துக்குப் பாதி வருஷத்திலேயே வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போனால் இதைவிடக் கூடக் கிடைக்கும்.

போன வருஷம் ஒரு ஸ்டாப்புக்காக ஆபீஸில் பேசினேன். பெரிய ரோடு, பிள்ளைகளின் வீடெல்லாம் வலது பக்கம். கொஞ்ச தூரம் போய்த் திருப்பிக்கொண்டு வந்தால் வீட்டு வாசல் பக்கமே இறக்கலாம், ஒருவரும் ரோட்டைத் தாண்ட வேண்டாம். டீசல் கணக்கு பார்க்கிற மேனேஜர் தலையாட்டவில்லை. ஒரு மாலை அவரையே வண்டியில் ஏற்றி, அந்த ஸ்டாப்பில் இறக்கி, ஆயாக்காவோடு பிள்ளைகளை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விடச் சொன்னேன். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அவர் தாண்ட முடியாமல் நின்றதை வண்டியில் எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்தார்கள். அடுத்த வாரம் ரூட் ஷீட்டில் திருப்பம் சேர்ந்தது. அதே ஷீட்டில் புதிதாக இரண்டு ஸ்டாப்பும் சேர்த்திருந்தார். டிரிப் நேரம் மட்டும் பழையதேதான். அதற்கு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.