யாருக்காவது அரிக்குதா?

தமிழில் சொறிநாய் என்பது முதலில் ஒரு வசவு. அதற்கப்புறம்தான் நோய் வந்த ஒரு நாய். பள்ளிக்கூடத்தில், டவுன் பஸ்ஸில், ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப் சண்டையில் என்று எத்தனையோ தடவை இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் யாரும் அந்த நாய்க்கு என்ன ஆச்சு என்று யோசித்த மாதிரி தெரிந்ததில்லை. முடி கொட்டியிருந்தால் சொறிநாய். கல்லை எடு, விரட்டு.

என் வேலையில் 'ஆப் ஓப்பன் ஆகல' என்று ஒரு டிக்கெட் வரும். அவ்வளவுதான் எழுதியிருக்கும். நெட்வொர்க்கா, டேட்டாபேஸா, அந்த ஆள் பாஸ்வேர்டை மறந்துவிட்டாரா, எதுவும் தெரியாது. நாயின் அரிப்பும் முடி கொட்டுவதும் அந்த டிக்கெட் மாதிரிதான். தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு இடுப்பிலும் வாலடியிலும் முடி போகும். படர்தாமரை என்றால் அது பூஞ்சை. வட்ட வட்டமாகக் கொட்டும், அரிப்பு பெரும்பாலும் குறைவு. தைராய்டு சுரப்பு குறைந்தால் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி மெலியும், ஆனால் நாய் சொறியவே சொறியாது. டெமோடெக்ஸ் என்று முடிக்காலுக்குள்ளேயே குடியிருக்கிற ஒரு மைட் இருக்கிறது. குட்டி பிறந்த முதல் சில நாட்களில் தாயின் உடம்பிலிருந்து ஒட்டிக்கொள்வது. பெரும்பாலான நாய்களிடம் கொஞ்சம் இருக்கும், எதிர்ப்பு சக்தி இறங்கும்போது பெருகும். இதெல்லாம் போக சாப்பாட்டு அலர்ஜி இருக்கிறது. வெளியே நின்று பார்க்கிறவருக்கு எல்லாமே ஒன்றுதான்.

ஜிம்மிக்கு வந்தது இதில் எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. (எங்கள் பக்கம் நாட்டு நாய்க்குக்கூட இங்கிலீஷ் பேர்தான். தெருவில் இரண்டு ஜிம்மி, ஒரு ராக்கி, ஒரு டைகர்.)

ஜிம்மி அப்பாவின் நாய். அப்பா அரியலூரில் தனியாக இருக்கிறார். ஒரு சிமெண்ட் ஆலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அம்மா போன பிறகு சென்னைக்கு வாங்க என்று கூப்பிட்டதற்கு, "இந்தத் தூசி இல்லாம எனக்குத் தூக்கம் வராது" என்றார். அந்த வருஷமே எங்கிருந்தோ ஜிம்மி வந்து சேர்ந்தது.

கார்த்திகையில் ஒருநாள் போனில் சொன்னார், ஜிம்மி சொறிஞ்சிக்கிட்டே இருக்கு, ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குது என்று. அடுத்த வாரம் போட்டோ அனுப்பினார். காது ஓரம் தடித்து, மாவு பூசின மாதிரி வெள்ளையாகச் செதில். முழங்கையில் முடி இல்லை. பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது அடிவயிறு முழுக்கச் சிவந்து, யானைத்தோல் மாதிரி சுருக்கம் விழுந்திருந்தது.

அப்பாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. தூசி.

அரியலூர்க்காரர்களுக்கு எதற்குமே முதல் சந்தேகம் தூசிதான், அதில் தப்பு சொல்லவும் முடியாது. இந்த ஊரின் அடியில் இருப்பது பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கிடந்த கடலின் சுண்ணாம்பு. அதை வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற வழியெல்லாம் கொட்டுகிறது. வேப்பமரம் பச்சையாக இருக்காது. இருமல் வந்தால் தூசி, கண் எரிந்தால் தூசி. ஈர சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும் என்பது கொத்தனார் கையைப் பார்த்த யாருக்கும் தெரியும். அதனால் அப்பா சொன்னதை நான் உடனே மறுக்கவில்லை. ஆனால் ஜிம்மியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தபோது ஒன்று இடித்தது. தூசி மேலேயிருந்து விழுகிறது. ஜிம்மியின் முதுகில் ஒரு முடிகூடக் கொட்டவில்லை. பளபளவென்று இருந்தது. கொட்டியதெல்லாம் காது ஓரம், முழங்கை, பின்னங்கால் மூட்டு, அடிவயிறு. தூசி இப்படி இடம் பார்த்து உட்காருமா?

அதற்குள் வைத்தியம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது. தெருமுனை மெக்கானிக், "கருப்பு ஆயில் பூசுங்கண்ணே, மூணே நாள்ல நின்னுடும்" என்று கேனில் கொடுத்திருந்தார். வண்டியிலிருந்து வடித்த பழைய என்ஜின் ஆயில். தமிழ்நாடு முழுக்க நாய்ச்சொறிக்கு இதுதான் மருந்து. நாய் உடம்பை நக்கும், நக்கினால் அது விஷம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அப்பா நல்லவேளையாகப் பூசவில்லை. ஆலையில் வேலை பார்த்தவருக்கு அந்த ஆயில் என்னவென்று தெரியும். பக்கத்து வீட்டு அத்தை சொன்ன வேப்பெண்ணெயும் கந்தகமும் அந்த அளவுக்கு மோசமில்லை. கந்தகம் சொறிக்கு உண்மையிலேயே வேலை செய்கிற பழைய மருந்து. ஆனால் சரியான அளவில், முழு உடம்புக்கும், வாரக்கணக்கில் போட வேண்டும். அப்பா போட்டது காதில் இரண்டு தடவை.

அடுத்து ஒரு மருந்துக்கடை. நாயைப் பார்க்காமலேயே மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து நாளில் அரிப்பு அடங்கியது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், பிரெட்னிசலோன். ஸ்டீராய்டு. எரர் வந்தால் அதைப் பிடித்துச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுகிற கோடு ஒன்று எல்லா ஆபீஸிலும் இருக்கும். ஸ்கிரீனில் சிவப்பு வராது, உள்ளே எல்லாம் கெட்டுக்கொண்டே இருக்கும். ஸ்டீராய்டு அந்த ரகம். அரிப்பை உண்டாக்குகிற எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைக்கும். காரணம் ஒரு பூச்சியாக இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். மாத்திரை தீர்ந்த ஒரே வாரத்தில் ஜிம்மி முன்னைவிட மோசமாகச் சொறிந்தது.

வேறொரு ஊரில் ஒரு கிளினிக்கில் தோலை ஒரே இடத்தில் லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "பூச்சி எதுவும் இல்ல, ஃபங்கஸ்தான்" என்றார்கள். ஷாம்பு கொடுத்தார்கள். மூன்று வாரம் குளிப்பாட்டினோம். ஜிம்மி ரொம்ப வாசனையாகச் சொறிந்தது.

தை கடைசியில் லீவு போட்டுப் போனேன். அதற்குள் அப்பாவின் பேச்சு மாறியிருந்தது. தெருவில் இரண்டு பேர் வந்து, குழந்தைங்க விளையாடுற இடம், நாயைக் கொண்டுபோய் விட்டுடுங்க என்று சொல்லியிருந்தார்கள். அப்பா அவர்களிடம் எதுவும் பேசவில்லை. என்னிடம், "விட்டுட்டு வந்துடலாம்ப்பா. பாக்க முடியல" என்றார். எங்கே விடுவது என்று யோசித்தும் வைத்திருந்தார். கரைவெட்டி ஏரிப் பக்கம். தண்ணி இருக்கும், ஏதாவது கிடைக்கும் என்றார்.

பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார், மாட்டு டாக்டர்தான், ஆனால் நாயும் பார்ப்பார் என்று யாரோ சொன்னார்கள். கடைசியாக அங்கே ஒருதடவை என்று ஒத்துக்கொண்டார். 30 கிலோமீட்டர் சொச்சம். குட்டியானையில் போனோம். நான் முன்னால், அப்பா பின்னால் சாக்கு விரித்து ஜிம்மியோடு. பெரம்பலூருக்குப் போவதென்றால் அப்பாவுக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. 2001இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002இல் திரும்பப் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டு, 2007இல் மறுபடி பிரிந்த கதையை இரண்டு ஊர்க்காரர்களும் மறக்கவில்லை. அன்றைக்கு அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

எங்களுக்கு முன்னால் இரண்டு ஆடு, கால் வீங்கிய ஒரு கன்றுக்குட்டி. டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நான் போனில் டைப் செய்து வைத்திருந்த தேதிவாரி விவரத்தைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஜிம்மியின் காது நுனியை விரல்களுக்கு நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்தார். ஜிம்மியின் பின்னங்கால் தானாக எழுந்து காற்றில் சொறிந்தது. விட்டார், நின்றது. தேய்த்தார், கால் எழுந்தது. ஸ்விட்ச் போட்ட மாதிரி.

"வீட்ல யாருக்காவது அரிக்குதா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அப்பா தனியாகத்தான் இருக்கிறார், நாய் திண்ணையில்தான் படுக்கும் என்றேன். வீடியோ காலில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அப்பா கொஞ்ச நேரம் கன்றுக்குட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முழுக்கைச் சட்டையின் பட்டனைக் கழற்றி மேலே சுருட்டினார். முன்கை உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள், சொறிந்த கீறல்கள். இடுப்பிலும் இருக்கிறது என்றார். சுகரால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம்.

"நாய் எங்கங்கய்யா படுக்கும்?"

"திண்ணையில."

அவர் எதுவும் சொல்லாமல் காத்திருந்தார்.

"ராத்திரி கட்டில்ல படுக்கும். இந்தக் கைமேல தலை வச்சுக்கும்."

நான் தரையைப் பார்த்தேன். அம்மா போய் இரண்டு வருஷம். வாரம் மூன்று தடவை வீடியோ காலில் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டில், ராத்திரி எப்படிப் போகிறது என்று ஒரு மாட்டு டாக்டர் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் நாய் வரக்கூடாது என்று அம்மா இருந்தவரைக்கும் சட்டம் போட்டவர் அவர்தான்.

டாக்டரம்மா மூன்று இடத்தில் சுரண்டினார். காது ஓரம், முழங்கை, மூட்டு. பிளேடில் லிக்விட் பாராஃபின் தடவி, லேசாக ரத்தம் கசிகிற வரைக்கும். அரை மணி நேரம் ஸ்லைடைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"கிடைச்சா இருக்குன்னு அர்த்தம். கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல" என்றார்.

சார்காப்டிஸ் என்ற மைட். எட்டுக்கால், உண்ணிக்குச் சொந்தம். பெண் பூச்சியே அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டி முட்டையிடும். இரண்டு மூன்று வாரத்தில் முட்டை அடுத்த தாய்ப்பூச்சியாகிவிடும். சில பூச்சிகளே நாயைப் பைத்தியமாக அரிக்க வைக்கப் போதும். அதனால்தான் சுரண்டிப் பார்த்தால் பல தடவை தப்பிவிடுகிறது. மனிதர் மேல் ஏறினால் அரிக்கும், ஆனால் நாயின் மைட்டால் நம் உடம்பில் வம்சம் வளர்க்க முடியாது. நாய் சரியானால் சில வாரத்தில் நமக்கும் போய்விடும்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் இதன் வரலாற்றைப் படித்தேன். இத்தாலியின் லிவோர்னோவில் பொனோமோ என்ற டாக்டரும் செஸ்டோனி என்ற மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து, மனிதர்களுக்கு வரும் சிரங்குக்குக் காரணம் இந்த இனப் பூச்சிதான் என்று கண்டார்கள். பொனோமோ அதைக் கடிதமாக எழுதியது 1687இல். அதற்கு முன்பே ஏழைத் தாய்மார்கள் குழந்தையின் தோலிலிருந்து ஊசி முனையால் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் இவர்களுக்கு விஷயமே பிடிபட்டது. பெரிய டாக்டர்கள் நம்பவில்லை. ஏறக்குறைய 150 வருஷம் கழித்து, 1834இல், ரெனுச்சி என்ற கோர்சிகா தீவு மாணவர் பாரிஸில் எல்லோர் முன்னாலும் ஊசியால் பூச்சியை எடுத்துக் காட்டினார். அவரும் அதை ஊர்ப் பெண்களிடம்தான் கற்றிருந்தார். டாக்டர்கள் அதுவரை கொப்புளத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். பூச்சியோ கொப்புளத்தில் இல்லை, சுரங்கத்தின் கடைசியில் இருந்தது. அந்தப் பெண்களின் பெயர்கள் எதுவும் நான் படித்ததில் இல்லை.

ஜிம்மிக்கு எழுதிக்கொடுத்தது ஃப்ளூராலனர் என்ற மாத்திரை. ஒன்று போட்டால் 12 வாரம் ரத்தத்தில் நிற்கும். எழுதுவதற்கு முன், இதுவரை வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டார். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியை யாராவது சொன்னால் கணக்கில்லாமல் போட்டுவிடாதீர்கள் என்றும் சொன்னார். ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துப் பக்கத்து மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்து, 2015இல் நோபல் வரைக்கும் போன மருந்து அது. மோசமான மருந்து இல்லை. ஆனால் அந்த மருந்து மாட்டு எடைக்குக் கரைத்தது, நாய்க்குப் போடும்போது அளவு சுலபமாகத் தப்பும். கோலி மாதிரிச் சில இனங்களுக்கு ஒரு மரபணு மாற்றத்தால் அது மூளைக்குள்ளேயே போய்விடும்.

பூச்சியைக் கண்ணால் பார்க்காமலே மருந்து. குணமானால் அதுதான் காரணம். என் ஆபீஸில் இப்படி ஒரு ஃபிக்ஸை அனுப்பினால் ரிவ்யூவில் கிழித்துவிடுவார்கள். ஆனால் காது, முழங்கை, காற்றில் எழுந்த கால், அப்பாவின் கை என்று நாலும் ஒரே பக்கம் கை காட்டும்போது ஸ்லைடு ஒன்றுதான் சாட்சி என்று உட்கார்ந்திருக்க முடியாது.

"கூடப் பழகுற நாய்ங்க எல்லாத்துக்கும் சேர்த்துக் குடுக்கணும். இல்லைன்னா திரும்ப வரும்" என்று டாக்டரம்மா சொன்னபோது அப்பா உடனே, "அந்த டீக்கடைப் பொட்டை" என்றார்.

டீக்கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு பெட்டை நாய். முடியே கிடையாது. முதுகில் கருப்பு ஆயில் காய்ந்து தார் மாதிரி ஒட்டியிருக்கும். அப்பா தினம் அதற்கு வறுக்கி வாங்கிப் போடுவார், ஜிம்மியும் கூட நிற்கும். ஊரே சொறிநாய் என்று கல்லெறிகிற நாய்.

மாத்திரை ஒன்றே ஆயிரத்துக்கு மேல். கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறவர், "ரெண்டா வாங்கிடு" என்று பென்ஷன் பணத்தை எடுத்தார். ஜிம்மி ஒரே வாயில் முழுங்கியது. கயிற்றுக்கட்டிலை வாசலில் கவிழ்த்து, மூட்டைப்பூச்சிக்குச் செய்கிற மாதிரி கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினோம். போர்வைகளை வெந்நீரில் போட்டு அலசி இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம். டீக்கடைப் பெட்டைதான் படுத்தியது. அவித்த முட்டைக்குள் மாத்திரையை வைத்துக் கொடுத்தால் முட்டையைத் தின்று மாத்திரையைத் துப்பியது. அதைக் கழுவி, பரோட்டாவில் சுருட்டிக் கொடுத்தோம். திரும்பவும் துப்பியது. மூன்றாவது தடவை கருவாட்டோடு போனது. அப்பா அது தொண்டைக்குள் இறங்குகிறவரை குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரர், "என்னண்ணே, சொறிநாய்க்குப் போயி" என்றார். அப்பா ஒரு டீ சொன்னார்.

இரண்டாவது வாரம் ஜிம்மி ராத்திரி முழுக்கத் தூங்குவதாகப் போன் வந்தது. நாலாவது வாரம் அப்பாவின் கையில் தழும்பு மட்டும்தான். கரைவெட்டிப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. ஆறாவது வாரம் ஒரு வீடியோ அனுப்பினார், கேமராவை எங்கெங்கோ ஆட்டி. பெஞ்சுக்கு அடியில் அந்தப் பெட்டை படுத்திருக்கிறது. காது ஓரத்தில் பூனைமயிர் மாதிரி என்னவோ தெரிகிறது. "செவலையா வருது பாரு" என்று அப்பாவின் குரல். "நான் கருப்புன்னு நெனச்சேன்."