நல்லெண்ணெய் காயாது பாஸ்!

பொருட்காட்சியில பலூன் சுட்டிருக்கீங்களா? காசைக் கொடுத்துட்டு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல நிக்கிற பொண்ணு பார்க்குதான்னு இன்னொரு கண்ணால செக் பண்ணி (அப்ப குறி பார்த்தது எந்தக் கண்ணால?), கடைசியில பலகையைச் சுட்டுட்டு, 'துப்பாக்கி சரியில்லண்ணே'ன்னு சமாளிச்சிருக்கீங்களா? அந்தத் துப்பாக்கியோட மரக்கட்டையை என்னைக்காவது உத்துப் பார்த்ததுண்டா? இருக்காது. போன மாசி மாசம் வரைக்கும் நானும் பார்த்ததில்லை.

எங்க தாய்மாமாவுக்கு அதுதான் தொழில். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல்ல ஆரம்பிச்சு, தென் மாவட்டத்துல எந்தத் திருவிழாவையும் விடமாட்டார். நாலு ஏர் ரைஃபிள், ஒரு பலகை, ஒரு மூட்டை பலூன். இதான் கடை. அதுல ஒரு ரைஃபிள் ரொம்பப் பழசு. வார்னிஷ் செதில் செதிலா உரிஞ்சு, கன்னம் வைக்கிற இடம் ஊர் ஊரா வந்த வேர்வையில கறுத்துப்போய், பார்க்கவே பாவமா இருக்கும். மாமா ஒருநாள் அதைத் தூக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டார். "மருமகனே, நீதான் காலேஜ்ல துப்பாக்கியெல்லாம் தொடைச்சு வைக்கிறியாமே. திருவிழாவுக்குள்ள இதையும் கொஞ்சம் பாரேன்."

நான் யாருன்னு சொல்லலையே. ஊர் ஆமத்தூர். விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல இருக்கு. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ரெண்டாம் வருஷம். என்.சி.சி. கேடட். மாமா சொன்னது ஒருவகையில நிஜம்தான். பரேடு முடிஞ்சதும் ரைஃபிள் க்ளீனிங் எங்க தலையிலதான் விழும். குழலுக்குள்ள கயித்துல துணியைக் கட்டி இழுக்கிறது, இரும்புக்கு ஒரு எண்ணெய், மரத்துக்கு வேற எண்ணெய். எங்க ஹவில்தார் உஸ்தாத் வடக்கத்திக்காரர். "லக்டி பே அல்சி தேல்"னு கத்துவார். எனக்குத் தெரிஞ்ச ஹிந்தியில 'தேல்'னா எண்ணெய். 'லக்டி'ன்னா மரம். நடுவுல வந்த 'அல்சி'யை நான் கண்டுக்கவே இல்லை. ஏதோ மரியாதைக்குச் சொல்றார்னு நினைச்சுட்டேன்.

விருதுநகர்க்காரன்கிட்ட போய் மரத்துக்கு எண்ணெய் தேய்னு சொன்னா, அவன் எந்த எண்ணெயை எடுப்பான்? சந்தேகமே இல்லாம நல்லெண்ணெய். பருப்புக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் ரேட் சொல்ற ஊர் எங்க ஊர். அம்மாவுக்குத் தெரியாம அரை டம்ளர் எடுத்து, கட்டை முழுக்கத் தேய்ச்சுவிட்டேன். சும்மா தகதகன்னு மின்னுச்சு. போட்டோ எடுத்து க்ளாஸ் குரூப்ல போட்டு லைக்கெல்லாம் வாங்கியாச்சு.

மறுநாள் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசு. அடுத்த நாளும் பிசுபிசு. அஞ்சாவது நாள் தூசியும் தலைமுடியும் ஒட்டி, லேசா சிக்கு வாடை. எறும்பு வேற வரிசை கட்டி வந்து விசாரிச்சுட்டுப் போச்சு.

தெருமுனையில ஒரு ஆசாரி இருக்கார். கட்டையை மோந்து பார்த்துட்டு, "என்னப்பா, துப்பாக்கியைத் தாளிச்சிருக்க?"ன்னார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார். அல்சின்னா ஆளிவிதை. பெயின்ட் கடையில 'டபுள் பாயில்டு லின்சீட்'னு கேட்டா தருவாங்க. நல்லெண்ணெய் காயாது, அது காயும்.

இங்கதான் நான் தலையில அடிச்சுக்கணும். ஏன்னா, லேப்ல இதே மேட்டரை எக்ஸ்பெரிமென்ட்டா பண்ணி ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தும் வாங்கியிருக்கேன். அயோடின் வேல்யூ! எண்ணெய்ல எத்தனை இரட்டைப் பிணைப்பு இருக்குன்னு கண்டுபிடிக்கிற கணக்கு அது. தேங்காய் எண்ணெய்க்கு 10 பக்கம் வரும். கடலை எண்ணெய்க்கு 90 பக்கம். நல்லெண்ணெய்க்கு 110 பக்கம். ஆளிவிதை எண்ணெய் 170-ஐத் தாண்டிடும். அந்த இரட்டைப் பிணைப்பு இருக்கிற இடத்துலதான் காத்துல இருக்கிற ஆக்சிஜன் வந்து உட்காருது. அப்புறம் ஒரு மூலக்கூறு இன்னொண்ணோட கைகோத்து, மரத்துக்குள்ளயே வலை மாதிரி இறுகிடுது. அதாவது ஈரத்துணி காயுற மாதிரி இதுல எதுவும் ஆவியாகிப் போறதில்லை. ஆக்சிஜனை வாங்கிக்கிறதால காய்ஞ்ச எண்ணெய்க்கு எடை கூடத்தான் செய்யும்! நல்லெண்ணெய்ல கைகோக்க ஆள் பத்தாது. அதான் பிசுபிசு.

சரி, வேலைக்கு வருவோம். உங்க வீட்டுல தாத்தாவோட நாற்காலியோ, கிரிக்கெட் பேட்டோ, கேரம் போர்டு சட்டமோ இருந்தா இதையே செய்யலாம்.

மாமா முதல்ல துப்பாக்கியில குண்டு இல்லன்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, ஸ்க்ரூவைக் கழட்டி இரும்பைத் தனியா எடுத்துட்டார். கட்டை மட்டும் என் கையில. டர்பன்டைன் நனைச்ச துணியால நல்லெண்ணெய்ப் பாவத்தைத் துடைச்சேன். ஆசாரி ஒரு கண்ணாடிச் சில்லைக் கொடுத்தார். அதோட ஓரத்தால வார்னிஷைச் சுரண்டினா சுருள் சுருளா வந்துச்சு. நாலு இடத்துல குழி விழுந்திருந்தது. அதுக்கு ஒரு மேஜிக் இருக்கு. குழி மேல ஈரத்துணியை வச்சு, அயர்ன் பாக்ஸை ஒரு நொடி அழுத்தணும். ஆவி உள்ள போய், நசுங்கிக் கிடக்கிற நார் உப்பி எழுந்திரும். மூணு குழி கண்ணு முன்னாடியே மேல வந்துடுச்சு. நாலாவது வரலை. நார் நசுங்காம அறுந்தே போயிருந்தா வராதாம்.

அப்புறம் உப்புத்தாள். 80, 120, 220, 400னு சொரசொரப்பு குறையக் குறைய, நார் போற திசையிலயே தேய்க்கணும். நடுவுல ஈரத்துணியால ஒருதடவை துடைச்சு காயவிட்டா, நார் பூனை மீசை மாதிரி சிலிர்த்து நிக்கும். அதையும் தேய்ச்சு எடுக்கணும். ரெண்டு தடவை இப்படிப் பண்ணினேன். மரம் பாப்பா கன்னம் மாதிரி ஆயிடுச்சு. (ரெண்டு நாள்ல என் கை மட்டும் ஆசாரி கை மாதிரி ஆயிடுச்சு.)

எண்ணெய்க்கு பிரஷ் கிடையாது. உள்ளங்கைதான். முதல் கோட்டை மட்டும் துணியால தாராளமா வச்சு, அரை மணி நேரம் குடிக்கவிட்டு, மிச்சத்தை ஒட்டத் துடைச்சிடணும். மேல நிக்கவிட்டா தோலா இறுகி அசிங்கமாயிடும். அடுத்த கோட்ல இருந்து நாலஞ்சு சொட்டுதான். கை சூடாகுற வரைக்கும் தேய், துடை, ஒருநாள் விடு, மறுபடி தேய். ஒரே நாள்ல பளபளக்கிற வார்னிஷும் கடையில கிடைக்குது. ஆனா அது மரத்துக்கு மேல கண்ணாடித்தாள் சுத்தின மாதிரி இருக்கும். எனக்குப் பிடிக்கலை.

முதல் கோட் வச்சது ஒரு சனிக்கிழமை மதியம். பழைய லுங்கி ஒண்ணைக் கிழிச்சு ஏழெட்டுத் துண்டாக்கித் துடைச்சேன். வேலை முடிஞ்சதும் எல்லாத்தையும் சுருட்டி ஒரு காலி பெயின்ட் டப்பாவுல அமுக்கி, தகரக் கூரைக்குக் கீழ திண்ணை மூலையில வச்சேன். 'வீட்டைச் சுத்தமா வச்சுக்கணும்'னு அம்மா சொல்லுவாங்கல்ல? அந்த மூலையிலதான் அம்மா உருட்டி அடுக்கின பேப்பர் குழாய்க் கட்டுகளும் இருந்துச்சு. பட்டாசுக்குப் போற குழாய். வெறும் குழாய்தான், மருந்து கிடையாது. அம்மாவோட ரெண்டு வார வேலை அது. நான் போய்க் குப்புறப் படுத்துத் தூங்கிட்டேன்.

அப்பாவுக்கு வேலை பட்டாசு ஆலையில. மருந்து கலக்கிற பிரிவு. சாயங்காலம் ஆலை வேன்ல வந்து இறங்குனா, எவ்வளவு தேய்ச்சுக் குளிச்சாலும் நக இடுக்குல அலுமினியப் பவுடர் வெள்ளி மாதிரி மின்னும். வீட்டுல ஆலையைப் பத்திப் பேசவே மாட்டார். தீபாவளிக்கு ஒரு கம்பி மத்தாப்பு கூடக் கொளுத்த மாட்டார்.

அன்னைக்கு வாசல் ஏறினவர், செருப்பைக் கழட்டாம அப்படியே நின்னுட்டார். மூக்கைச் சுருக்கினார். "என்ன வாடை?" நான் தூக்கக் கலக்கத்துல, "லின்சீட் ஆயில்ப்பா, அப்படித்தான் அடிக்கும்"னேன். அவர் பதில் சொல்லலை. மூலைக்குப் போய், டப்பா பக்கத்துல புறங்கையைக் கொண்டுபோனார். சட்டுன்னு இழுத்துக்கிட்டார். "அந்தக் குழாய்க் கட்டை எடுங்க எல்லாரும்." கத்தலை. சாதாரணக் குரல்லதான் சொன்னார். கம்பு ஒண்ணை டப்பா கைப்பிடிக்குள்ள விட்டுத் தூக்கிட்டுப் போய், மாட்டுத் தொட்டித் தண்ணியில கவிழ்த்தார். புஸ்ஸுனு ஒரு சத்தம். துணியைப் பிரிச்சுப் பார்த்தா, வெளிச்சுத்து சாதாரணமாத்தான் இருந்துச்சு. நடுவுல இருந்த துண்டு கருகி, தொட்டதும் பொடிப்பொடியா உதிர்ந்தது.

தீக்குச்சி இல்லை, பீடி இல்லை, கரன்ட் இல்லை.

அப்பா திட்டியிருந்தா பரவாயில்லை. அவர் திட்டவே இல்லை. திண்ணையில உட்கார்ந்து ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சார். அப்புறம்தான், என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா, ஆலையைப் பத்திப் பேசினார்.

"ஏய்யா, தீ எப்பவும் வெளியில இருந்துதான் வரும்னு நினைக்காத. அலுமினியப் பவுடர் கலந்த மருந்துல ஈரம் பட்டுச்சுன்னா உள்ளுக்குள்ளயே சூடேறும். கையளவு கிடந்தா சூடு வெளியில போயிரும். குவிச்சு வச்சா போக வழி இல்லை. அதான் கலந்த மருந்தை ராத்திரி தங்க விடக் கூடாதும்பாங்க. அன்னன்னைக்கு வேண்டியதை அன்னன்னைக்கு. உன் துணியும் அதே மாதிரிதான்."

அவர் பத்தாம் வகுப்பு. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எண்ணெய் ஆக்சிஜனை வாங்கும்போது வெப்பம் வெளியாகும்னு நானும் படிச்சேன், எழுதினேன், மார்க்கும் வாங்கினேன். கட்டை மேல மெல்லிசாப் பரவியிருக்கிற எண்ணெய்ல அந்த வெப்பம் காத்தோட போயிடும். கசக்கிச் சுருட்டின துணிக்குள்ள காத்து போகும், சூடு வெளிய வராது. சூடு ஏற ஏற வேலையும் வேகமாகும். மேல தகரக் கூரை, மாசி கடைசி வெயில் வேற. டபுள் பாயில்டுல சீக்கிரம் காயுறதுக்குன்னே உலோக உப்பும் கலந்திருக்கும்.

அப்புறம் தேடிப் படிச்சப்பதான் தெரிஞ்சது. அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்துல ஒன் மெரிடியன் பிளாசான்னு 38 மாடிக் கட்டடம். 1991 பிப்ரவரி 23 ராத்திரி, 22-ஆவது மாடியில தீப்பிடிச்சுது. அங்கே சுவத்து மரப்பலகைக்கு மெருகேத்தின வேலையாட்கள் விட்டுட்டுப் போன லின்சீட் எண்ணெய்த் துணிதான் காரணம். மூணு தீயணைப்பு வீரர்கள் இறந்துட்டாங்க. அந்தத் தீ மாடி மாடியா ஏறி, தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் இருந்த 30-ஆவது மாடியிலதான் நின்னுச்சு. எங்க திண்ணையில என்ன தெளிப்பான் இருந்துச்சு? அப்பாவோட மூக்குதான்.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. 30-க்கும் மேற்பட்டவங்க இறந்த நாள். நான் அப்ப ரெண்டாம் கிளாஸ். அப்பாவோட ஆலை அது இல்லை. ஆனா அவர் வந்து சேருற வரைக்கும் அம்மா வாசல்லயே நின்னாங்க. எனக்குப் பசிச்சது மட்டும்தான் ஞாபகம் இருக்கு. அப்பாவை அனுப்பிட்டு சாயங்காலம் வரைக்கும் அம்மா எப்படி இருக்காங்கன்னு அதுக்கப்புறமும் நான் யோசிச்சதில்லை. அவர் பத்திரமா திரும்பி வர்ற வீட்டுலதான் நான் அந்த டப்பாவை வச்சிருந்தேன்.

அடுத்த கோட்ல இருந்து அப்பா மேற்பார்வை! தேய்ச்சு முடிச்சதும் துணியை ஒவ்வொண்ணா விரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு படாம, வெளியில கொடியில கிளிப் போட்டுத் தொங்கவிடணும். அட்டை மாதிரி விறைச்ச பிறகுதான் குப்பைக்குப் போகலாம். உடனே தூக்கிப் போடணும்னா, தண்ணி ஊத்தின மூடி டப்பாவுல முக்கிடணும். "என் சேலை பக்கத்துல இந்தக் கந்தலா?"ன்னு அம்மா சண்டைக்கு வந்தாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டே இன்னொரு கொடி கட்டிக் கொடுத்தார். நீங்களும் கொடி கட்டிட்டு எண்ணெயைத் தொடுங்க பாஸ்.

மொத்தம் ஒன்பது கோட். அஞ்சாவது கோட்டுக்கு மேல மரத்தோட வரி தெரிய ஆரம்பிச்சுது. தேன் கலர்ல, ஆத்து மணல்ல தண்ணி போன தடம் மாதிரி. அது பளபளக்கலை. சாய்ச்சுப் பிடிச்சா உள்ளுக்குள்ள இருந்து லேசா ஒரு வெளிச்சம் வரும். வராத அந்த நாலாவது குழியை அப்படியே விட்டுட்டேன்.

பங்குனிப் பொங்கல். ஊரே அக்னிச்சட்டியும் கையுமா கோயிலுக்குப் போயிட்டு இருந்தது. ராத்திரி பொருட்காட்சியில மாமா கடைக்கு அப்பாவும் வந்தார். அதுவரைக்கும் பலூன் சுட்டதே இல்லையாம். மாமா பழைய ரைஃபிளை எடுத்து நீட்ட, அப்பா அதைத் தோள்ல வைக்காம, கட்டையை முதல்ல கட்டைவிரலால மெதுவாத் தடவினார். நக இடுக்குல வெள்ளி மினுமினுத்தது. அப்புறம் கன்னத்துல வச்சு, ரொம்ப நேரம் குறி பார்த்துச் சுட்டார். பலகையில பட்டுச்சு.

"துப்பாக்கி சரியில்லையோ மாப்ள?"ன்னு மாமா கிண்டலடிச்சார்.

அப்பா கையை முகர்ந்து பார்த்துட்டு என் பக்கம் திரும்பினார். "பிசுபிசுப்பு இல்லைய்யா"ன்னார்.