பெயர் முந்தும், ஊர் பிந்தும்

ஃபிளைட்கியர் என்னும் கட்டற்ற விமானப் பாவனை மென்பொருளை வீட்டுக் கணினியில் நிறுவும் மைசூர்வாசி, தம் ஊரிலிருந்தே பறக்க விரும்புவது இயல்பு. மண்டகள்ளி விமான நிலையத்தின் குறியான வி-ஓ-எம்-ஒய் என்பதை உள்ளிட்டால் போதும். முதலெழுத்து தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகள் பலவற்றுக்குப் பொது. அடுத்தது தென்னிந்தியாவைச் சுட்டும். ஊருக்கு எஞ்சியவை இரண்டே எழுத்துகள். 2014இல் ஊர்ப்பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை அரசு மாற்றியது, குறி மாறவில்லை. மதராஸ் 1996இல் சென்னையானது. அதன் குறியோ இன்றும் வி-ஓ-எம்-எம்.

ஆயினும் முதல் முறை திரையில் தோன்றுவது மைசூர் அன்று, கடல். நிலக்காட்சிக் கோப்பு இல்லாத இடமெங்கும் இம்மென்பொருள் நீரையே பரப்பிவிடும். குறிப்பான் வந்துவிட்டது, குறிக்கப்படும் பொருள் வரவில்லை. மொழியியல் வகுப்பில் சொசூரை விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு அரிது! அமைப்புகளில் நிலக்காட்சியைத் தானாகப் பதிவிறக்கும் தெரிவை இயக்கிவிட்டு, இணையத்தின் வேகத்திற்கேற்பக் காத்திருக்க வேண்டும். பின்னரே நீர் விலகித் தக்காணத்து மண் விரியும். ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரச் சாமுண்டி மலையும் எழும். 1,740 மீட்டர் ஓடுதளம், உடன் வரும் சிறிய செஸ்னா 172க்குத் தாராளம்.