எங்க வூட்டுத் தண்ணி

ஓரிக்கை சேரியில் கிறிஸ்தவக் குடும்பங்களின் சாதிச் சான்றிதழ் சிக்கல்களைப் பதிவு செய்யப் போயிருந்தோம். அது நான்காவது முறை. படிவத்தை எடுத்ததும் ஒரு பாட்டி கேட்டார்: "நாலு தபா வந்துட்டீங்க. எங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சீங்களா?"

எங்கள் பைகளில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். எங்களில் இருவர் தலித்துகள்தான். ஆனாலும் பதில் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும் வழியெல்லாம் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவைப் பற்றியே பேசினோம். 1874இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில், நாடார் குடும்பத்தில் பிறந்தவர். கோயிலுக்குள் நுழைய அந்தச் சமூகத்துக்கு உரிமை மறுக்கப்பட்டிருந்த காலம் அது. 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேரே ஒன்றைக் கேட்டார். பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்பதே அதன் சாரம். அரங்கில் பலருக்கு அது கசந்தது.

1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லில், 1945இல் இறக்கும்வரை பணியாற்றினார். அவரிடம் திரண்டு வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். இந்த மதமாற்றங்களைக் காந்தி கண்டித்தபோது, அது அந்த மக்களே எடுத்த முடிவு என்று வாதாடினார். ஆனாலும் மாலா, மாதிகா பகை சபைக்குள்ளும் தொடர்ந்தது. ஒரு பேராயரால் அதை முழுதாக ஒழிக்க முடியவில்லை.

இன்றும் தமிழகத்தில் சாதிவாரியாகக் கல்லறை பிரித்த சபைகள் உண்டு. அரசோ, மதம் மாறினால் சாதி போய்விட்டது என்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. பாட்டியின் பேரனுக்குத் திறக்கவில்லை. அவன் சான்றிதழில் பி.சி.; ஊரார் வாயில் அதே பழைய பெயர்.

ஐந்தாவது முறை போனபோது பாட்டில் எடுத்துப் போகவில்லை. பாட்டி சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு உட்கார்ந்து பேசினோம். படிவத்தைப் பிறகுதான் எடுத்தோம். இதனால் அந்தப் பையனின் சான்றிதழ் மாறிவிடாது. அதற்குப் போராட வேண்டும். ஆனால் அவர்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாங்கள், அசரியா கேட்டதை முதலில் கொடுத்தாக வேண்டும்.